சபைத் தலைவர் டெபாசிட்டைத் திருப்பித் தராவிட்டால்

அண்ணாச்சி, சபைத் தலைவரின் வட்டித் திட்டத்தில் உங்கள் அப்பா போட்ட நாலு லட்சம் வரவில்லை, கேட்டால் "சகோதரன் மேல் கேஸ் போடாதே, போட்டால் சபையை விட்டு விலக்குவோம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் வயிறு எரிந்தது.

மேடையில் அவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும், டெபாசிட் திட்டம் நடத்தி ஏமாற்றினால் 1997 தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பாயும். தனி ஆளாக நடத்தினாலும் சரி. சொத்தை முடக்கவும் அதில் வழி உண்டு. திருநெல்வேலிப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.

ரசீதில் "காணிக்கை" என்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு தப்பப் பார்ப்பார்கள். மாதா மாதம் வட்டி வரவான பாஸ்புக் பக்கம்தான் அதற்குப் பதில். வாட்ஸ்அப் குரல்பதிவுகளையும் அழிக்காதீர்கள். சமாதானம் பேசக் கூப்பிட்டு ஒரிஜினல் ரசீதைக் கேட்பார்கள். நகலை மட்டும் காட்டுங்கள். சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 வருடம்தான் கெடு, அதனால் பண்டிகை முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.