1943 ஐந்து சதக் காசு: புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கேள்வி: டொராண்டோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வீடு மாறும்போது ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய காசு கொடுத்துவிட்டுப் போனார். அதில் 1942 முதல் 1945 வரையிலான கனடா ஐந்து சதக் காசுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. சில பழுப்பு, சில வெள்ளை. பன்னிரண்டு பக்கம் கொண்டவை. துடைத்துப் பளபளப்பாக்கினால் நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: துடைக்க வேண்டாம். ஒன்றிரண்டைத் துடைத்துவிட்டீர்கள் என்றால் போகட்டும், மிச்சத்தை அப்படியே விடுங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய நமக்கு அந்தப் பழுப்பு அழுக்காகத்தான் தெரியும். சேகரிப்பவருக்கோ அது காசு இயல்பாக முதிர்ந்ததன் அடையாளம். தேய்த்த காசை அனுபவசாலி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். விலையும் அங்கேயே இறங்கிவிடும்.

நிறம் ஏன் மாறியது என்று கேட்டால், போர்தான் காரணம். அதற்கு முன் இந்தக் காசு சுத்த நிக்கல், வட்டம். நிக்கல் போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால், 1942 நடுவில் டோம்பாக் என்ற கலவைக்கு மாறினார்கள்: 88 சதவீதம் செம்பு, 12 சதவீதம் துத்தநாகம். (செம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல் தெம்பாகாவிலிருந்து வந்த பெயர் இது. அதன் வேரும் நம் தாமிரத்தின் வேரும் ஒன்றே.) பழுப்பேறினால் ஒரு சதக் காசோடு குழம்பிவிடும் என்றுதான் பன்னிரண்டு பக்கம் வைத்தார்கள். பிறகு செம்பும் துத்தநாகமும் தட்டுப்பாடாக, 1944, 1945இல் குரோமியம் பூசிய எஃகு வந்தது.

சரி, பிரிக்கும் வேலைக்கு வருவோம். ஒரு காந்தம் போதும். டோம்பாக் ஒட்டாது, எஃகு பளிச்சென்று ஒட்டும். எஃகுக் காசு துருப்பிடித்துப் பழுப்பாகியிருந்தாலும் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். 1942 காசில் வட்டமான நிக்கலும் உண்டு, அதுவும் ஒட்டும், ஆகவே அதற்கு வடிவத்தைப் பாருங்கள். 1944 என்று தேதி போட்ட காசு காந்தத்தில் ஒட்டாவிட்டால் குதிக்க வேண்டாம். 1944 டோம்பாக் ஒன்றே ஒன்றுதான் அறியப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது 1943இன் 3ஐச் செதுக்கி 4 ஆக்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உருப்பெருக்கியில் அந்தக் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது 1943. அதுவரை இருந்த பீவர் என்ற விலங்கின் உருவத்தை எடுத்துவிட்டுத் தீப்பந்தத்தோடு பெரிய 'வி' எழுத்தைப் பொறித்தார்கள். தாமஸ் ஷிங்கிள்ஸ் வடித்தது. சர்ச்சிலின் வெற்றிச் சின்னமும் அதுதான், ரோமன் எண்ணில் ஐந்தும் அதுதான். விளிம்பில் புள்ளியும் கோடுமாக இருப்பதை அலங்காரம் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போவார்கள். அது மோர்ஸ் தந்திக் குறி: 'மனமுவந்து உழைத்தால் வெல்வோம்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம். இதே 'வி' 2005இல் நினைவுக் காசாகத் திரும்ப வந்தது. அது வட்டம், ராணி தலை, மதிப்பும் ஐந்து சதத்தைப் பெரிதாகத் தாண்டாது.

இனி விலை. பழையது என்பதால் அரியது ஆகிவிடாது. 1943 டோம்பாக் 2.4 கோடிக்கு மேல் அடித்தார்கள். 1942 டோம்பாக் கிட்டத்தட்ட 34 லட்சம்தான், ஆனால் அதையும் நிறையப் பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள். கைமாறித் தேய்ந்த காசு என்றால் எந்த ஆண்டாக இருந்தாலும் ஒன்றிரண்டு டாலருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். புழக்கத்துக்கே போகாத, அச்சடித்த மெருகு குலையாத காசுக்குத்தான் விலை ஏறும். மறுபக்கத்தில் இருக்கும் ராஜா ஆறாம் ஜார்ஜின் காதுக்கு மேல் முடிக் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள், முதலில் தேயும் இடம் அது. அப்படி ஏதாவது கிடைத்தால் மட்டும் தரச் சான்றிதழுக்கு அனுப்புங்கள். சாதாரணக் காசுக்கு அனுப்பினால் கட்டணம் காசின் விலையைத் தாண்டிவிடும்.

எஃகுக் காசுகளை ஈரம் படாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பூச்சு பூசிய தகட்டிலிருந்து வெட்டியதால் அவற்றின் விளிம்பு வெறும் எஃகு. துரு அங்கேதான் தொடங்கும். அப்புறம், பிவிசி உறை வேண்டாம், நாள்பட்டால் செம்பில் பச்சை பிடிக்கும்.

நானாக இருந்தால் மொத்தமாக விற்க மாட்டேன். ஆண்டுக்கு ஒன்று நல்லதாகப் பொறுக்கி வைப்பேன், 1943இல் மட்டும் இரண்டு: ஒன்று 'வி' தெரிய, மற்றது ஜார்ஜ் தலை தெரிய. அந்தத் தலையைச் சுற்றியுள்ள எழுத்தில் 'இந்தியாவின் பேரரசர்' என்றும் சுருக்கமாக இருக்கிறது, தேடிப் பாருங்கள்.