தொழிலை விட்டுவிட்டு நாடு மாறலாமா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். குடும்பத்துடன் வெளிநாட்டில் குடியேற விருப்பம். தொழிலை விற்றுவிடுவதா, பொறுப்பானவரிடம் ஒப்படைப்பதா?

பதில்: விசாவைப் பற்றி விசாரிப்பதற்கு முன், ஒரு மாதம் முழுவதும் அலுவலகத்துக்குப் போகாமல் இருந்து பாருங்கள். காசோலையில் கையெழுத்து வாங்கவும், பழைய வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தவும் நாள்தோறும் உங்களையே தேடி வருகிறார்கள் என்றால், அந்தத் தொழில் இன்னும் உங்கள் தோளில்தான் நிற்கிறது; அதை ஒப்படைக்கவும் முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.

அடுத்தது வரி. பல நாடுகளில் ஓராண்டில் 183 நாட்கள் தங்கினாலே நீங்கள் அந்நாட்டின் வரிக்குடியாளர், அதாவது அங்கே வரி கட்டக் கடமைப்பட்டவர், ஆகிவிடுவீர்கள் என்பதுடன், முக்கிய முடிவுகளை அங்கிருந்தே எடுத்தால் உங்கள் நிறுவனமும் அங்கே வரி கட்ட நேரிடலாம். எனவே இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

முதலீட்டாளர் விசா எல்லாமே நிரந்தர வசிப்புரிமையில் முடிவதில்லை. அமெரிக்காவின் இ-2 விசா அந்நாட்டுடன் அதற்கான வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே கிடைக்கும். தொழில் நடக்கும்வரை புதுப்பிக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்கு 21 வயதானதும் அந்த விசாவின் கீழ் அவர்கள் உங்களுடன் தங்க முடியாது. உங்கள் பிள்ளைகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. என் கணிப்பில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான்.