பொருளாதாரம் சரிந்தால் ஆளும் கட்சியைக் குற்றம் சொல்வது நியாயமா? எந்தக் கட்சிக்கு அதிகப் பொறுப்பு?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. இரண்டாம் பகுதிக்கு மதிப்பெண் பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். முதல் பகுதிக்கு மட்டும், நான் பார்க்கிற வேலையின் இடத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். திருவொற்றியூரிலும் மணலிப் பக்கத்திலும் உள்ள சிறு லேத் பட்டறைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். லாரி உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள் இவை. நான்கு பேர் முதல் இருபது பேர் வரை வேலை செய்வார்கள். ஆகவே ஒவ்வொரு சரிவும் எனக்குச் செய்தியாக வருவதற்கு முன்பே பேரேட்டில் வந்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையைத் திட்டாத நாளே எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த வரிசை திடீரென்று குறைந்தால் மகிழ்ச்சி அடைபவரும் இங்கே யாரும் இல்லை.

சரிவை உண்டாக்கியவரும் சரிவு வெளிப்பட்ட நாளில் நாற்காலியில் இருந்தவரும் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. 1991-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் அரசு வரவுக்கு மீறிச் செலவு செய்து கடன் வாங்கிக்கொண்டே வந்ததில், 1990-91-இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 8 சதவீதமாக இருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து நம்மவர்கள் அனுப்பிய பணம் தடைப்பட்டது. ராஜீவ் காந்தி, வி.பி.சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என நான்கு பிரதமர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மாறினார்கள். மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்குப் போனது சந்திரசேகர் காலத்தில். ஜூலையில் சுமார் 47 டன் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் போனது நரசிம்ம ராவ் காலத்தில். ஆனால் இன்றும் பேச்சில் 'தங்கத்தை அடகு வைத்தவர்' என்றால் சந்திரசேகர் பெயர்தான் வருகிறது. வீட்டில் கடன் வாங்கிச் செலவு செய்தவர் ஒருவர், நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைப் படி ஏறியவர் இன்னொருவர் என்றால், தெருவில் பார்த்தவர்கள் இரண்டாமவரைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

எங்கள் வட்டாரத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் மின்வெட்டு. அனல்மின் நிலையத்தின் சாம்பலும் புகையும் எண்ணூர் மக்களுக்கு, மின்சாரம் ஊருக்கெல்லாம் என்று சொல்வார்கள். 2008-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்த மின்சாரமும் போதவில்லை. 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தோற்றதற்கு மின்வெட்டு ஒரு பெரிய காரணம். அ.தி.மு.க. வந்த பிறகு 2012-இல் நிலைமை இன்னும் மோசமானது. சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் வெளி மாவட்டங்களில் அதைப்போல் பல மடங்கு. ஒரு மின் நிலையத்தைக் கட்டி முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வள்ளூர் நிலையமும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் நிலையும் தி.மு.க. ஆட்சியில் கட்டத் தொடங்கப்பட்டு, அ.தி.மு.க. ஆட்சியில் மின்சாரம் தரத் தொடங்கின. பற்றாக்குறை அதற்கும் முந்தைய ஆண்டுகளில் போதிய புதிய நிலையங்களைத் திட்டமிடாததால் வந்தது. ஆகவே வாக்காளர் தண்டித்த ஆண்டுக்கும் தவறு நடந்த ஆண்டுக்கும் இடையில் ஒரு முழு ஆட்சிக்காலம் கிடக்கிறது. அந்த நாட்களில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய செலவை நான் தனித் தலைப்பில் எழுதி வந்தேன். சில மாதங்களில் அது வாடகையையும் தாண்டியது.

இது இந்தியாவின் விந்தை மட்டும் இல்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஆலன் பிளைண்டர், மார்க் வாட்சன் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் ஜனநாயகக் கட்சி அதிபர்களின் ஆட்சியில் வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த வேறுபாட்டில் பெரும் பகுதிக்கு எண்ணெய் விலை, உற்பத்தித் திறன், வெளிநாட்டு நிலைமை போன்றவைதாம் காரணம்; வரவுசெலவுக் கொள்கையோ வட்டிக் கொள்கையோ அதை விளக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. கட்சிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் கட்சிகளுக்குப் பொறுப்பே இல்லையா என்றால், அதையும் ஏற்க முடியாது. வெளியிலிருந்து வந்த காற்று எது, உள்ளே இருந்தவர் கையால் வைத்த தீ எது என்று பிரித்துப் பார்க்க முடிகிற நேரங்களும் உண்டு. இலங்கையைப் பாருங்கள். 2019 இறுதியில் கோத்தாபய ராஜபக்ச அரசு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. 2021-இல் இரசாயன உரத்தை ஒரே அடியில் தடை செய்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, சுற்றுலா வருமான இழப்பு எல்லாம் உண்மைதான். இருந்தும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில், ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோரின் செயல்களும் செயலின்மையும் நெருக்கடிக்குக் காரணம் என்றும், அவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. பொருளாதாரச் சரிவுக்கு ஆட்சியாளர்களைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கிய நீதிமன்றத் தீர்ப்புகள் உலகில் அரிது.

நம் நாட்டில் அந்த வகைக்கு அருகில் வருவது 2016 நவம்பர் 8 என்பது என் கருத்து. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதத்தை ஒரே இரவில் செல்லாது என்று அறிவிக்கும்படி எந்த எண்ணெய் விலையும் எந்த வெளிநாட்டு வங்கியும் அரசைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018-இல் தெரிவித்தது. எங்கள் பட்டறைகளில் சனிக்கிழமைதான் கூலி. வங்கியில் வாரத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றிருந்த அந்த முதல் சனிக்கிழமை, பதினோரு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டிய ஒரு முதலாளி, பாதிப் பேருக்குப் பழைய நோட்டையும் மீதிப் பேருக்கு 'திங்கட்கிழமை பார்க்கலாம்' என்ற சொல்லையும் கொடுத்தார். பழைய நோட்டை வாங்கியவர்கள் மறுவாரம் வேலைக்கு வராமல் வங்கி வரிசையில் நின்றார்கள்.

2019 இவ்வளவு தெளிவானது அல்ல. அந்த ஆண்டு செப்டம்பரில் எண்ணூர்ப் பக்கத்து லாரி தயாரிப்புத் தொழிலில் வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டன. எங்கள் ஆர்டர்கள் பாதியாயின. காரணங்களை அடுக்கினால் ஒரு கட்சியின் பெயரோடு அவை நிற்பதில்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகள் ஏற்றலாம் என்று அனுமதித்த எடையை 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. இருக்கிற லாரியே கூடுதல் சரக்கை ஏற்றும்போது புது லாரி யாருக்கு வேண்டும்? அதே ஆண்டு செப்டம்பரில், சாலை போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குப் பணம் போடும் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் விழுந்ததும், லாரிக்குக் கடன் கொடுத்துவந்த நிதி நிறுவனங்கள் கையைக் கட்டிக்கொண்டன. அந்த நிறுவனத்தின் கடன் காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டு ஆட்சிகளிலும் வளர்ந்தது. 2020 ஏப்ரலிலிருந்து புகைக் கட்டுப்பாடு கடுமையான பி.எஸ்.-6 எஞ்சின்தான் என்பதால் காத்திருந்தவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்த நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், இளைய தலைமுறை சொந்தக் கார் வாங்காமல் ஓலா, ஊபரில் போக விரும்புவதையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். அன்று மாலை ஒரு பட்டறையில் டர்னர் ஒருவர் என்னிடம், "சார், லாரியையுமா ஓலாவில் புக் பண்றாங்க?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரிவை மறைப்பது கட்சியின் சொந்தப் பொறுப்பு. அதற்கு வெளிக் காரணம் காட்ட முடியாது. 2017-18-இல் வேலையின்மை 6.1 சதவீதம் என்று கண்ட அரசின் சொந்த ஆய்வறிக்கை, 2019 தேர்தல் முடிந்து புது அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்றுதான் அதிகாரபூர்வமாக வெளியானது. அது வெளிவராததை எதிர்த்துத் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் ஜனவரியிலேயே விலகியிருந்தார்கள். காங்கிரஸ் தலைமையிலான முந்தைய அரசு பெட்ரோல், டீசல் விலையை முழுமையாக ஏற்றாமல், எண்ணெய் நிறுவனங்களுக்குச் சுமார் 1.4 லட்சம் கோடி ரூபாய்க்குப் பின்னால் பணம் தருவதாகப் பத்திரங்களைக் கொடுத்துப் பற்றாக்குறைக் கணக்கில் அவற்றைக் காட்டாமல் விட்டது. கணக்கு எழுதுகிறவனுக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன. அடுத்து வந்தவர்கள் அந்தப் பத்திரங்களைச் சாக்காகச் சொன்னார்கள். ஆனால் கச்சா எண்ணெய் விலை விழுந்த 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரையிலான காலத்தில் பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 9.48 ரூபாயிலிருந்து 21.48 ரூபாயாக உயர்த்தியதும் அவர்கள்தாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. சரிவு எங்கிருந்து வந்தது என்பதில் கட்சிகள் நியாயமாகவே வாதாடலாம். அது யார் தலையில் இறங்கியது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. அது ஒவ்வொரு முறையும் யாரோ மேசையில் அமர்ந்து எடுத்த முடிவு. 2008-இல் அமெரிக்காவின் லேமன் வங்கி விழுந்த பிறகு மன்மோகன் சிங் அரசு அந்த டிசம்பரில் கலால் வரியை 4 சதவீதப் புள்ளிகள் குறைத்தது. வாங்குகிறவரின் கைக்கு வருகிற சலுகை அது. அதற்கு விலையாக 2007-08-இல் 2.5 சதவீதமாக இருந்த பற்றாக்குறை இரண்டே ஆண்டில் 6.5 சதவீதமானது, அதன் பின்னால் வந்த விலைவாசி உயர்வுக்கும் வாராக் கடனுக்கும் அந்த அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2019 செப்டம்பர் 20 அன்று மோடி அரசு நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. அரசே சொன்ன கணக்கின்படி அதில் இழந்த வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய். நான் கணக்கு எழுதும் பட்டறைகளில் ஒன்றுகூட கம்பெனியாகப் பதிவானதில்லை. பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கு அன்றும் 30 சதவீதம், இன்றும் 30 சதவீதம். அதே நாளில் கோவாவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எந்திர ஜாப் ஒர்க்குக்கான வரியை 18-லிருந்து 12 சதவீதமாக்கியது; எங்களுக்கு வந்தது அதுதான். அந்தக் கவுன்சிலில் எல்லா மாநில அமைச்சர்களும் அமர்ந்திருப்பதால், அதற்கான பாராட்டையும், 2017-இலேயே 18 என்று வைத்ததற்கான பழியையும் எல்லாக் கட்சிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சரிவைச் சிறியவர் தலையில் இறக்க வெளியே தெரியாத இன்னொரு வழியும் உண்டு. சரிவு வந்ததும் பெரிய கம்பெனி செய்கிற முதல் வேலை ஆட்குறைப்பு அல்ல. சப்ளையருக்குத் தர வேண்டிய பணத்தைத் தள்ளிப்போடுவது. அறுபது நாளில் வந்த பணம் நூற்றிருபது நாளாகும். ஆனால் பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் பட்டறைக்காரர் கட்டியாக வேண்டும், கைக்குப் பணம் வந்தாலும் வராவிட்டாலும். அப்போது முதலில் நிறுத்தப்படுவது ஹெல்பர் பையன், அடுத்தது ஓவர்டைம், அதற்கடுத்து மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். பெரிய நிறுவனத்தின் சரிவை இப்படிச் சின்னப் பட்டறை வட்டியில்லாக் கடனாகச் சுமக்கிறது. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் காங்கிரஸ் ஆட்சியில் 2006-இலேயே வந்தது. மீறினால் வட்டியோடு தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. வாடிக்கையாளர் மீது புகார் கொடுத்துவிட்டு அவரிடமே அடுத்த ஆர்டர் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? 2023 பட்ஜெட்டில் பா.ஜ.க. அரசு வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் தராத தொகையை, அதைத் தரும்வரை வாங்கியவர் தன் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. பதினேழு ஆண்டுகள் பல்லில்லாமல் இருந்த சட்டத்துக்கு ஒரு பல் முளைத்தது என்று நான் மகிழ்ந்தேன். எந்தக் கட்சி செய்தது என்று பார்க்கவில்லை.

அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த முதல் நிதியாண்டு முடிகிற 2024 மார்ச்சில் எங்கள் பட்டறைகள் சிலவற்றுக்கு வழக்கத்துக்கு மாறாக மாதக் கடைசிக்குள் பணம் வந்து சேர்ந்தது. ஒரு பட்டறைக்கு மட்டும் வாங்குகிற நிறுவனத்திடமிருந்து தொலைபேசி வந்தது. அந்தப் பிரிவு பொருந்தாதபடி சிறுதொழில் பதிவை ரத்து செய்துவிட்டால் இரு தரப்புக்கும் வசதியாக இருக்கும் என்றார்கள். முதலாளி என்னிடம் கேட்டார், வேண்டாம் என்றேன். அவர் ரத்து செய்யவில்லை. ஏப்ரலில் அந்த நிறுவனத்திடமிருந்து வந்த ஆர்டர் மார்ச்சில் வந்ததில் பாதிதான்.