ஜன்னலில் ஒரு விளக்கு

கேள்வி: எங்கள் ஊர் மாதா கோயில் விழா நோட்டீசில் ஒரு பேராயரை ‘திருப்பீடத் தூதர்’ என்று போட்டிருந்தார்கள். பூசை வைக்கிறவருக்குத் தூதர் வேலை என்ன? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: திருப்பீடம் என்றால் ரோமில், வாட்டிகனில் உள்ள போப்பின் தலைமையகம். டெல்லி சாணக்கியபுரியில் வாட்டிகனுக்கும் ஒரு தூதரகம் இருக்கிறது. 1948-லேயே ஏற்பட்ட உறவு. அரசாங்கத்தோடு பேசுவது ஒரு வேலை. காலியாகும் மறைமாவட்டங்களுக்கு, அதாவது ஆயர் (பிஷப்) ஒருவரின் பொறுப்பில் உள்ள பகுதிகளுக்கு, யார் ஆயராகத் தகுதியானவர் என்று ரகசியமாக விசாரித்து ரோமுக்கு எழுதுவது இன்னொன்று. சரி, இது ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்த ஒரு தூதரைச் சொல்கிறேன்.

ஆஞ்சலோ ரொன்கால்லி. இத்தாலியில் பெர்கமோ பக்கத்துக் கிராமத்தில், அடுத்தவர் நிலத்தை விளைச்சல் பங்குக்கு உழுத பெரிய குடும்பத்தில் 1881-ல் பிறந்தவர். 1925-ல் பேராயராக்கி பல்கேரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர்தான். மலைக் கிராமங்களுக்குக் கோவேறு கழுதையில் போய்வந்தார்.

மாட்டிக்கொண்டது ஒரு கல்யாணத்தில். பல்கேரிய அரசர் மூன்றாம் போரிஸ், போப்புக்குக் கட்டுப்படாத ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அவர் இத்தாலியக் கத்தோலிக்க இளவரசி ஜொவான்னாவை மணக்க ஆசைப்பட்டார். பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்ப்பதாக வாக்குக் கொடுத்த பிறகே ரோம் சம்மதித்தது. 1930 அக்டோபரில் அசிசியில் திருமணம். ஊர் திரும்பிய அரசர் சோஃபியாவில் ஆர்த்தடாக்ஸ் சடங்கையும் நடத்திவிட்டார்! அப்புறம் பிறந்த பெண்ணுக்கும் ஆர்த்தடாக்ஸ் ஞானஸ்நானம். திருத்தந்தை (போப்) 11-ஆம் பத்திநாதருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சம்பந்தி வீடுகள் முறைத்துக்கொள்ள, நடுவில் நின்ற தரகரின் நிலைமைதான் ரொன்கால்லிக்கு.

1935-ல் துருக்கி. அந்த அரசு அவரைத் தூதராகவே அங்கீகரிக்கவில்லை. போதாததற்கு, மதகுருமார் வழிபாட்டிடத்துக்கு வெளியே அங்கி போடக்கூடாது என்று சட்டம். பேராயர் கோட்டும் தொப்பியுமாகத் தெருவில் நடந்தார். உலகப்போரின்போது, யூதர்கள் தப்பிக்க உதவும் பாலஸ்தீனக் குடியேற்றச் சான்றுகளை ஹங்கேரிக்கு அனுப்பிவைத்தவரும் இவர்தான்.

1944 டிசம்பரில் திடீரென்று பாரிசுக்கு மாற்றல். புத்தாண்டன்று வெளிநாட்டுத் தூதர்கள் சார்பில் பிரான்சின் தலைவர் டிகாலுக்கு வாழ்த்து வாசிப்பது திருப்பீடத் தூதரின் உரிமை. ஆள் இல்லையென்றால் சோவியத் தூதர் வாசிப்பார். அதை டிகாலும் விரும்பவில்லை, ரோமும் விரும்பவில்லை. 30-ஆம் தேதி வந்து இறங்கி, ஜனவரி 1 அன்று வாசித்துவிட்டார். அடுத்த தலைவலி காத்திருந்தது. போர்க்காலத்தில் ஜெர்மானியரோடு ஒத்துப்போன விஷி ஆட்சிக்கு ஒத்துழைத்ததாக ஆயர்கள் பலரை நீக்கச் சொன்னது அரசு. இவர் நிதானமாகப் பேசிப் பேசியே ஒரு சிலரோடு நிறுத்தினார். இழுத்தடிப்பதும் ஒரு திறமைதான் சார்!

1958-ல் திருத்தந்தை 23-ஆம் யோவான் ஆனவர் இவரே.

கேள்வி: பேராயர் என்றால் மறைமாவட்டம் வேண்டாமா? இந்தத் தூதர்களுக்கு ஏது? – இன்னொரு வாசகர், தூத்துக்குடி

பதில்: வரலாற்றில் அழிந்துபோன மறைமாவட்டம் ஒன்றின் பெயரைக் கொடுப்பார்கள். பட்டம் மட்டும்தான், மக்கள் கிடையாது. ரொன்கால்லிக்கு முதலில் அரேயோபோலிஸ். பல்கேரியாவை விட்டுப் போகும்போது அந்த நாட்டுக் கடற்கரை ஊரான மெசெம்ப்ரியாவின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1934 கிறிஸ்துமஸ் பிரியாவிடையில் சொன்னது இது: நான் எங்கே இருந்தாலும், கஷ்டத்தோடு ஒரு பல்கேரியர் ராத்திரியில் என் வீட்டுப் பக்கம் வந்தால் ஜன்னலில் விளக்கு எரியும். கதவைத் தட்டட்டும். கத்தோலிக்கரா என்று கேட்கமாட்டேன்.