வாட்ச் ஒன்று சொல்கிறது, உடம்பு ஒன்று சொல்கிறது
வாசகர் கேள்வி – பதில்: உடற்பயிற்சி

கேள்வி: வயது 45. தினமும் ஒரே தூரம், ஒரே வேகம். சில நாள் வாட்ச் இதயத் துடிப்பு 140 என்று காட்டும்போது பேசிக்கொண்டே ஓட முடிகிறது. சில நாள் அதே 140-ல் கால் கனத்து, எப்போது முடியும் என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்புங்கள். இரண்டும் அளப்பது ஒரே விஷயத்தை அல்ல. தசைக்கும் தோலுக்கும் ரத்தம் அனுப்ப இதயம் எவ்வளவு அடிக்க வேண்டியிருக்கிறது என்பதைத் துடிப்பு காட்டுகிறது. சிரமம் என்று நாம் உணர்வதோ, தசையை இயக்க மூளை எவ்வளவு பலமாகக் கட்டளை அனுப்புகிறது என்பதோடு நெருக்கமானது. இதற்கு ஆய்வுக்கூடச் சான்று உண்டு. மருந்து கொடுத்துத் தசையின் பலத்தை ஓரளவு குறைத்தால், அதே எடை அதிகக் கனமாகத் தெரிகிறது. பலமிழந்த தசையை இயக்க மூளை கூடுதலாக முயல வேண்டியிருக்கிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் காலிலிருந்து மேலே போகும் உணர்வைத் தடுத்தபோதோ, வலி குறைந்தாலும் சிரமம் அதேபோலக் குறையவில்லை. மூச்சு, சூடு, வலி இவற்றுக்கும் பங்கு உண்டா, எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களின் வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆகவே இரண்டும் ஒத்துப்போகாத நாளில்தான் உங்களுக்குத் தகவல் கிடைக்கிறது. துடிப்பு வழக்கம்போல, சிரமம் மட்டும் அதிகம் என்றால் முந்தைய நாள் பயிற்சியின் களைப்பு தசையில் மிச்சமிருக்கலாம், தூக்கம் குறைந்திருக்கலாம், மூளை களைத்திருக்கலாம். துடிப்பு அதிகம், சிரமம் வழக்கம்போல என்றால் முதலில் வெயிலையும் தண்ணீரையும் பாருங்கள்; காய்ச்சல் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் அதிகம் என்றால் அன்று வேகத்தைக் குறையுங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது நான்காவது நிலை. அதே வேகத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைவு, சிரமம் மட்டும் அதிகம். துடிப்பு குறைந்ததே, தேறிவிட்டோம் என்று மகிழ்வார்கள். இது சில நாள் தொடர்ந்தால் அளவுக்கு மீறிய பயிற்சியின் அடையாளமாக இருக்கலாம். உண்மையில் தேறியிருந்தால் துடிப்போடு சிரமமும் இறங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று: வேகம் மாறாவிட்டாலும் முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு துடிப்பு மெதுவாக ஏறிக்கொண்டே போகும். உடல் சூடாகிறது, தோலுக்கு ரத்தம் பிரிகிறது, வியர்வையில் நீர் போகிறது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைவதால் அதை எண்ணிக்கையில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. வெப்பமான நாளில், ஒரு மணி நேர ஓட்டத்தில் 10, 20 துடிப்பு ஏறுவது சாதாரணம். எனவே நாள்களை ஒப்பிடும்போது ஓட்டத்தின் ஒரே கட்டத்தில் எடுத்த அளவையே ஒப்பிடுங்கள். 12-வது நிமிடத்தை 12-வது நிமிடத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நிதானமாக ஓடும்போதே வாட்ச் திடீரென்று 175-க்குத் தாவுகிறது. ஆபத்தா?

பதில்: முதலில் வாட்சைச் சந்தேகப்படுங்கள். மணிக்கட்டு வாட்ச் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் படிக்கிறது. பட்டை தளர்வாக இருந்தால் கை வீசும் அசைவையே துடிப்பு என்று எண்ணிவிடும். ஓட்டத்தில் நிமிடத்துக்கு 170, 180 அடி வைப்பது பலருக்கும் வழக்கம். உங்கள் 175 அதுவாக இருக்கலாம். நின்று, கழுத்தின் பக்கவாட்டில் ஒரு பக்கம் மட்டும் மெதுவாக விரல் வைத்து உடனே 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரு விரல் அளவு மேலே, நகராதபடி கட்டுங்கள். நெஞ்சுப் பட்டை இதைவிடத் துல்லியம். ஆனால் அதன் மின்முனைகளை நனைக்காமல் கட்டினால் முதல் சில நிமிடம் அதுவும் உளறும். கையால் எண்ணியும் உண்மையிலேயே 175 வந்தாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சிரமத்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார் பயிற்சியாளர். அதுவும் 6-ல் தொடங்கி 20 வரை. ஏன் இந்த விசித்திரக் கணக்கு? எப்படிப் போடுவது?

பதில்: ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் அது. ஆரோக்கியமான ஒருவரின் துடிப்பு ஓய்வில் சுமார் 60, உச்சத்தில் சுமார் 200 என்று எடுத்துக்கொண்டு, மதிப்பெண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரட்டும் என்று அமைத்தார். 13 என்றால் 130. வயது ஏற ஏற இந்தப் பெருக்கல் பொருந்தாது. மதிப்பெண் மட்டும் செல்லும்.

6 என்பது சும்மா உட்கார்ந்திருப்பது. 9 மிக லேசு, 11 லேசு, 13 சற்றுச் சிரமம், 15 சிரமம், 17 மிகச் சிரமம், 20 இதற்கு மேல் ஒரு அடிகூட முடியாது. மிதமான பயிற்சிக்கு 12, 13 போதும். கடுமையான பயிற்சி 14 முதல் 17 வரை. வாக்கியமாகப் பேச முடிந்தும் பாட முடியவில்லை என்றால் மிதமான இடத்தில் இருக்கிறீர்கள். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

மதிப்பெண் தவறிப்போவதற்கு முக்கியக் காரணம், இரு முனைகளையும் மனதில் ஊன்றாமல் நடுவில் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வது. முதல் முறை பயன்படுத்தும்முன், வாழ்க்கையில் உச்சமாகக் களைத்த தருணத்தை நினைத்து அதை 20 என்று வையுங்கள். அப்படி ஒரு அனுபவமே இல்லாதவர் 15-ஐயே 18 என்பார். இரண்டாவது, கால் வலியையோ சலிப்பையோ சிரமத்தோடு சேர்த்துவிடுவது. கேட்பது ஒன்றே ஒன்று: இதைச் செய்ய எவ்வளவு முயல வேண்டியிருக்கிறது? மூன்றாவது, முதலில் வாட்சைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்ற எண்ணைச் சொல்வது. இது ஏமாற்று வேலை. முதலில் எண்ணைச் சொல்லுங்கள், பிறகு வாட்சைத் திருப்புங்கள். பயிற்சியாளர் முன்னால் வீரமாகக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அடுத்த வாரம் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

டிரெட்மில்லில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் துடிப்பு, சிரமம் இரண்டுமே இறங்கிவிடும். அப்படி எடுத்த எண்ணைக் கைவீசி நடந்த நாளோடு ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்குமா?

பதில்: தோராயமாக. 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது வயதானவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்தும்: 60 வயதில் முதல் கணக்கு 160 தரும், இரண்டாவது 166. எதுவானாலும் தனி மனிதருக்கு 10, 12 துடிப்பு முன்பின் இருப்பது சகஜம். சூத்திரம் தந்த எண்ணைத் தாண்டிவிட்டோமே என்று பதறவும் வேண்டாம், எட்டவில்லையே என்று விரட்டவும் வேண்டாம்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு 110-ஐத் தாண்டுவதில்லை. கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். துடிப்பைக் கட்டுப்படுத்துவதுதான் அந்த மாத்திரையின் வேலை. வயதுச் சூத்திரம் உங்களுக்குப் பொருந்தாது. சிரம அளவுகோல் மிக அதிகமாக உதவுவது உங்களைப் போன்றவர்களுக்கே: மருத்துவர் வேறு வரம்பு தராதவரை 11 முதல் 13-க்குள், பேசிக்கொண்டே நடக்கும் அளவில் இருங்கள். மாத்திரையின் அளவோ நேரமோ மாறினால் பழைய எண்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் குறியுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

கேள்வி: நாற்காலியில் உட்கார்ந்தே வேலை. உடம்பு களைக்கவே இல்லை. ஆனாலும் மாலையில் சைக்கிள் மிதித்தால் மலைப்பாக இருக்கிறது. சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை. சாமுவேல் மார்கோராவும் சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 16 பேர் பங்கேற்றார்கள். ஒருமுறை 90 நிமிடம் கணினியில் கவனத்தைப் பிழியும் சோதனை செய்தார்கள். இன்னொருமுறை அதே நேரம் ஆவணப்படம் பார்த்தார்கள். பிறகு உச்சத் திறனின் 80 சதவீதத்தில் முடியும்வரை சைக்கிள் மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 நொடி தாங்கினார்கள், மூளை களைத்த நாளில் 640 நொடி. களைப்பு இதயத்திலோ தசையிலோ தெரியவில்லை. சிரம மதிப்பெண் மட்டும் தொடக்கத்திலிருந்தே ஏறி நின்றது. இருவேளையும் கடைசியில் தொட்ட உச்சச் சிரமம் ஒன்றுதான், அதை முன்கூட்டியே தொட்டுவிட்டார்கள்.

வழி என்ன என்றால், கடினமான பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் மாலைப் பயிற்சியை வேகத்தால் அளக்காமல் 12, 13 மதிப்பெண்ணுக்குள் வைத்து, எத்தனை நிமிடம் என்று மட்டும் பாருங்கள். காபி சிரமத்தைக் குறைக்கும் என்பது உண்மை. மாலையில் குடித்துத் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் மறுபடி சிரமம் கூடும். பாட்டு லேசான, மிதமான வேகத்தில் சிரமத்தைக் குறைத்துக் காட்டும். மூச்சிரைக்கும் கட்டத்தில் மனம் முழுக்க உடம்பின் பக்கம் போய்விடும், பாட்டால் பெரிதாகப் பயன் இராது.

கேள்வி: வியர்வை அதிகம் கொட்டினால் பயிற்சி கடுமை என்று பொருளா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இடம் புழுக்கமாக இருந்தாலும் கொட்டும்.

கேள்வி: 30 நொடி விரைவு ஓட்டத்துக்கும் எடைப் பயிற்சிக்கும் துடிப்பை வைத்து அளக்கலாமா?

பதில்: முடியாது. துடிப்பு ஏறி நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். 30 நொடி ஓட்டத்தில் அது பாதி வழியில் இருக்கும்போதே நீங்கள் நின்றுவிடுவீர்கள். எடைப் பயிற்சியில் கேள்வியையே மாற்ற வேண்டும்: இந்த செட்டில் சரியான அசைவோடு இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்க முடியும்? இதற்கு மதிப்பெண் 10 வரைதான்: ஒன்றும் முடியாது என்றால் 10, ஒன்று முடியும் என்றால் 9, இரண்டு என்றால் 8. பெரும்பாலான செட்டுகளை 7, 8-ல் நிறுத்தலாம். புதியவர்கள் இன்னும் இரண்டுதான் என்று நினைக்கும்போது பெரும்பாலும் அதைவிட அதிகம் மிச்சமிருக்கும். அதனால் பாதுகாப்பான ஒரு பயிற்சியில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, கடைசி செட்டை இனி முடியாது என்ற நிலைவரை செய்து எப்போதாவது சரிபாருங்கள்.

நாள் முழுவதன் சுமையைக் குறிக்க 0 முதல் 10 வரையிலான அளவு எளிது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து மொத்தச் சிரமத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, நிமிடத்தால் பெருக்குங்கள். 40 நிமிடம், சிரமம் 6 என்றால் 240. முடிந்த கையோடு போட்டால் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் மதிப்பெண் போடுவீர்கள்.