கிராம சபைத் தீர்மானத்தை மேலே இருக்கும் அரசு கேட்டாக வேண்டுமா?

கிராம சபையில் தீர்மானம் போட்டால் மாநில, ஒன்றிய அரசுகளைக் கட்டுப்படுத்துமா, இல்லை வெறும் சடங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. குடிநீர், தெருவிளக்கு, பயனாளிகள் பட்டியல் போன்ற ஊராட்சியின் சொந்த வேலைகளில் சபையின் சொல்லுக்கு எடை உண்டு. சுரங்கம், விமான நிலையம், பஸ் என்று வேறொருவர் கையில் இருக்கும் விஷயத்தில் அது கோரிக்கைதான். சட்டமே எடை கொடுத்தால் கதை வேறு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதை, வன உரிமைச் சட்டத்தைக் காட்டி, கிராம சபைகளிடமே விட்டது உச்ச நீதிமன்றம். 2013-ல் கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது.

நம் ஊர் நிலவரம் புரிய அரிட்டாபட்டியையும் பரந்தூரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரை மேலூர் பக்கம் சுமார் 5,000 ஏக்கர் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்குப் போனது. அந்தப் பகுதியில் இருக்கும் அரிட்டாபட்டி ஏற்கெனவே பல்லுயிர் பாரம்பரியத் தலம், அதாவது அரிய உயிரினங்களுக்காகக் காக்க வேண்டும் என்று அரசே அறிவித்த இடம். நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் போட்டது. ஜனவரியில் மக்கள் மதுரைக்கே நடந்து வந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டார்கள். அவர்கள் உறுதி ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனாலும் நிலம் எடுக்கும் வேலை நடந்தது. மேலூரில் சுரங்கத்தை மாநில அரசும் எதிர்த்தது. பரந்தூரில் விமான நிலையம் வேண்டும் என்றதே அப்போதைய மாநில அரசுதான். மேலே இருக்கும் இரண்டு அரசுகளில் ஒன்றுக்காவது உங்கள் தீர்மானம் பயன்பட்டால் அது வேகமாக நகரும். கசப்பாக இருந்தாலும் நான் பார்த்தவரை இதுதான் நடைமுறை.

சரி, சின்னக் கோரிக்கைகளுக்கு வருவோம். எங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸை நீட்டிக்கக் கேட்டு, "பேருந்து வசதி வேண்டும்" என்று ஒற்றை வரியில் ஒரு பழைய தீர்மானம் இருந்தது. அது தீர்மானப் புத்தகத்தைத் தாண்டவே இல்லை. பிறகு எந்தத் தடம், எந்த நேரம், எத்தனை பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்கு நடக்கிறார்கள் என்று எழுதி, தலைமையாசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்கிச் சேர்த்தோம். நகலைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும், திங்கட்கிழமை மனுவாகக் கலெக்டருக்கும், எம்.எல்.ஏ.வுக்கும் கொடுத்தோம். காலையில் ஒரு நடை கிடைத்தது. சாயங்கால நடை, நான் பதவியில் இருந்தவரை வரவில்லை.

சாலை கேட்பதாக இருந்தால் முதலில் அது ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன தீர்மானம் அங்கேயே தூங்கும். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைவதற்குள் தீர்மானத்தை எழுதவைத்து, வாசிக்கச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஓடு ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, "தலைவரே இல்லை, இனி யாரிடம் கேட்பது" என்று பலர் கிராம சபைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் இருக்கும் நீங்கள் எல்லோரும்தான். தலைவர் பதவி காலியானாலும் அது கலையாது, தீர்மானமும் கொண்டுவரலாம்.