ஃபோர்ட் வெய்னில் 2–0: பழைய ஸ்கோர் அட்டை பற்றிச் சில கேள்விகள்

முதல் தொழில்முறை லீக் பேஸ்பால் ஆட்டம் 2–0 என்று முடிந்ததாகப் படித்தேன். ஆட்டத்தில் நடந்தது என்ன?

1871 மே 4, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் நகரம். அந்த மார்ச்சில்தான் நியூயார்க்கில் நேஷனல் அசோசியேஷன் என்ற முதல் தொழில்முறை லீக் பிறந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். டாஸ் வென்ற உள்ளூர் கெகியோங்கா அணி, கிளீவ்லாந்தின் ஃபாரஸ்ட் சிட்டி அணியை முதலில் மட்டை பிடிக்கச் சொன்னது. முதலில் வந்த டீக்கன் வைட், இரண்டாம் பேஸ் (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவது) வரை ஓடிச் சேரும்படி அடித்தார். அதுவே லீக்கின் முதல் ஹிட், அதாவது அவுட்டாகாமல் பேஸ் சேர வைத்த அடி. அடுத்து வந்த ஜீன் கிம்பாலின் பந்தை டாம் கேரி பிடித்துவிட, பேஸை விட்டு நகர்ந்திருந்த வைட்டும் சேர்ந்து அவுட். முதல் ஹிட் அடித்தவரே முதல் இரட்டை அவுட்டிலும் சிக்கினார். அட்டையின் முதல் வரியிலேயே இத்தனை கதை இருப்பதால்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் அவ்வளவு பிரியம்.

இரண்டாம் இன்னிங்ஸில் கெகியோங்காவின் கேட்சர் பில் லெனன் முதல் ரன்னை எடுத்தார். ஒன்பதாம் இன்னிங்ஸில் மழை பிடித்துக்கொள்ள, ஆட்டம் அத்துடன் நின்றது. கிளீவ்லாந்து ஐந்து ஹிட் அடித்தும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. வீசியவர் பாபி மேத்யூஸ், வயது 19.

2–0 அந்தக் காலத்தில் சாதாரண ஸ்கோரா?

இல்லவே இல்லை. மறுநாள் வாஷிங்டனில் பாஸ்டன் அணி, ஒலிம்பிக்ஸ் என்ற உள்ளூர் அணியை 20–18 என்று வென்றது. அன்றைய வழக்கத்துக்குப் பொருந்துவது அதுதான். அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து ரன்னுக்கு மேல் எடுத்தது. பந்தைக் கீழ்க்கையாகத்தான் வீச வேண்டும். உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம். களத்தில் நிற்பவர்களுக்குக் கையுறை கிடையாது. பறந்து வரும் கடினமான பந்தை வெறும் உள்ளங்கையில் வாங்க வேண்டும். கை எரிந்து பந்து நழுவினால் ரன். இவ்வளவையும் மீறி எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் வைத்த மேத்யூஸையும் அவருக்குப் பின்னால் நின்ற எட்டுப் பேரையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

ஸ்டிரைக்-அவுட்டுக்கு (மூன்று ஸ்டிரைக் ஆகி பேட்டர் அவுட்டாவதற்கு) 'கே' என்று குறிப்பது ஏன்?

ஹென்றி சாட்விக் வைத்த குறி. 'ஸ்ட்ரக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து அது. இங்கிலாந்தில் பிறந்த இவர் கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்துத்தான் பேஸ்பாலுக்கான அட்டையை வடிவமைத்தார். கிரிக்கெட் அட்டை படித்துப் பழகிய நமக்கு பேஸ்பால் அட்டை சட்டென்று பிடிபடுவதற்கு இதுவே காரணம்.

அந்த ஆட்டத்துக்கு 'அடித்துச் சேர்த்த ரன்' (பேட்டர் தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன்), 'பிட்சரின் ரன் சராசரி' (பந்து வீசுபவர் தன் பொறுப்பில் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) எல்லாம் தருகிறார்களே, அன்றே கணக்கிட்டார்களா?

அன்று யாரும் அதிகாரபூர்வமாகக் கணக்கிடவில்லை. அடித்துச் சேர்த்த ரன் 1920-இல்தான் அதிகாரபூர்வக் கணக்கானது. பிட்சரின் சராசரியை நேஷனல் லீக் ஏற்றது 1912-இல். 1871-க்குக் காட்டப்படும் எண்கள், பழைய செய்தித்தாள்களைத் தோண்டி ஆய்வாளர்கள் பின்னால் கட்டியவை. அரிய உழைப்பு அது. நன்றியோடுதான் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அன்றே எழுதிய எண் எது, பிறகு சேர்த்தது எது என்று பிரித்துப் பார்த்தே படியுங்கள்.

அப்படியானால் இதுதான் மேஜர் லீக்கின், அதாவது உயர்மட்ட லீக் பேஸ்பாலின், முதல் ஆட்டமா?

1871-இலிருந்து எண்ணுபவர்களுக்கு ஆம். ஆனால் 1968–69-இல் கூடிய சாதனைப் பதிவுக் குழு, நேஷனல் அசோசியேஷனை மேஜர் லீக்காக ஏற்கவில்லை. அதன்படி 1876-இல் தொடங்கிய நேஷனல் லீக்கே ஆரம்பம். என் மனம் ஃபோர்ட் வெய்ன் பக்கம்தான். கெகியோங்கா அணியோ 7 வெற்றி, 12 தோல்வியோடு அந்த ஆகஸ்டிலேயே விலகிவிட்டது. மேத்யூஸ் 1887 வரை ஆடினார். பிட்சராக அவர் கணக்கில் சேர்ந்த மொத்த வெற்றிகள் 297. நேஷனல் அசோசியேஷனைக் கழித்தால் 131 போய் 166 மட்டுமே மிஞ்சும். கழிந்து போவதில் முதலாவது, அந்த மழை நாளின் வெற்றி.